கிட் சிஎன்சி இயந்திரத்துக்கு வி-சக்கரமும் பேரிங்கும் கோப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அலுமினிய வி-ஸ்லாட் ரயிலில் (வி வடிவப் பள்ளமுள்ள தண்டவாளம்) ஓடும் சிறிய சிஎன்சி ரவுட்டர், அதாவது கணினி சொல்படி மரத்தை வெட்டும் இயந்திரம், ஒன்றைக் கிட்டாக வாங்கியிருக்கிறீர்கள். பெட்டிக்குள் சக்கரங்கள் ஒரு பையில், பேரிங்குகள் ஒரு பையில், மெல்லிய வளையங்கள் இன்னொரு பையில். மோட்டார், வயரிங், மென்பொருள் என்று எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர்கள் இதை மட்டும் "நட்டு போல்ட்டு வேலைதானே" என்று அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். அப்புறம் வட்டம் வெட்டச் சொன்னால் இயந்திரம் முட்டை வெட்டும்.

என் முதல் இயந்திரமும் முட்டைதான் வெட்டியது. முதல் சக்கரத்தைக் கோத்து நட்டை இறுக்கினேன். சக்கரம் சுற்றாமல் பிடித்தது. நட்டைக் கால் சுற்று தளர்த்தினேன், அருமையாகச் சுற்றியது. 'ஓ, இவ்வளவுதான் இறுக்க வேண்டும் போல' என்று பதினாறு சக்கரத்துக்கும் அதே கால் சுற்று. உண்மையில் நான் விட்டிருந்தது, பேரிங்குகளுக்கு நடுவே போட வேண்டிய 1 மி.மீ. வளையங்களை. உபரி வாஷர் என்று நினைத்து அந்தப் பையை டப்பாவில் போட்டு மூடியிருந்தேன். பிறகு புதியவர்கள் பலர் கோக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது அந்தக் கால் சுற்றுதான்.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நட்டு முழுதாக இறுகியிருக்கும்போதே சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். ரயிலை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதை எக்சென்ட்ரிக் ஸ்பேசர் (துளை ஒரு பக்கம் ஒதுங்கிய குழல்; திருப்பினால் சக்கரம் நெருங்கும் அல்லது விலகும்) பார்த்துக்கொள்ளும்; அதை நட்டில் தேடக் கூடாது. கீழே உள்ள வரிசை முழுவதும் இதற்காகத்தான்.

இங்குள்ள அளவுகள் சுமார் 24 மி.மீ. விட்டமுள்ள பெரிய வி-சக்கரத்துக்கு. எண்டர் 3 போன்ற முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் ஓடுவதும் இதே வகைதான். மினி சக்கரம் என்றால் பேரிங் அளவு மாறும், முறை மாறாது.

1. எண்ணுங்கள், அளந்து பாருங்கள்

சக்கரங்கள் மாட்டும் உலோகத் தட்டு நான்கு, தட்டுக்கு நான்கு சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். 16 சக்கரம், 32 பேரிங், 16 ஷிம் (நான் விட்டேனே, அந்த 1 மி.மீ. வளையம்), 16 எம்5 போல்ட் (5 மி.மீ. விட்டம்), 16 நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது), 8 சாதா ஸ்பேசர் (தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நிற்கும் குழல்), 8 எக்சென்ட்ரிக் ஸ்பேசர். எல்லாவற்றையும் எவர்சில்வர் கிண்ணங்களில் தனித்தனியாகக் கொட்டி எண்ணுங்கள். கடைசியில் ஒரு ஷிம் மிஞ்சினால் ஏதோ ஒரு சக்கரத்தில் அது இல்லை என்று அர்த்தம். முதலிலேயே எண்ணி வைக்காதவருக்கு அது தெரியவே தெரியாது.

பேரிங்கின் மேல் 625 என்று இருக்க வேண்டும். உள்விட்டம் 5, வெளிவிட்டம் 16, தடிமன் 5 மி.மீ. பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி. இசட்இசட் என்றால் தகர மூடி. மரம், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டப் போகிறீர்கள் என்றால் ரப்பர் மூடியே நல்லது, அந்தப் பொடி மாவு போல எங்கும் நுழையும். விரலால் சுண்டினால் தகர மூடி பேரிங் அதிக நேரம் சுற்றும்தான். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த வேலைக்கு அந்தச் சுழற்சியால் ஒரு பயனும் இல்லை.

ஷிம் என்பது வெளிவிட்டம் 10, துளை 5, தடிமன் 1 மி.மீ. உள்ள தட்டை வளையம். கடையில் கிடைக்கும் சாதாரண எம்5 வாஷரும் பார்வைக்கு ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் அதன் துளை கொஞ்சம் பெரியது, தடிமன் ஒன்றுக்கொன்று வேறுபடும், அச்சில் குத்தி எடுத்ததால் ஒரு பக்க ஓரத்தில் பிசிர் இருக்கும். ஒரே கிண்ணத்தில் இரண்டும் கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. வாஷர்களை வேறு மேசையில் வையுங்கள்.

ஸ்பேசர்களின் உயரத்தையும் வெர்னியர் அளவுகோலில் பாருங்கள். சில 6 மி.மீ., சில கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரே தட்டில் சாதா ஸ்பேசர் ஓர் உயரமும் எக்சென்ட்ரிக் இன்னோர் உயரமுமாக இருந்தால் மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் ஒரே கோட்டில் நிற்காது. அவை வி பள்ளத்தின் ஒரு சரிவை மட்டும் தேய்த்துக்கொண்டு ஓடும். கிட்டிலேயே கலந்து வருவது அபூர்வம். தொலைந்த ஒன்றுக்குப் பதிலாகத் தனியாக வாங்கும்போதுதான் இது நடக்கும்.

2. கருவிகள்

வெர்னியர், நல்ல ஆலன் கீ செட் (பட்டன் தலை எம்5 போல்ட்டுக்கு 3 மி.மீ., உருளைத் தலைக்கு 4 மி.மீ.), நட்டுக்கு 8 மி.மீ. ஸ்பேனர், எக்சென்ட்ரிக்குக்குக் கிட்டைப் பொறுத்து 8 அல்லது 10 மி.மீ. ஸ்பேனர், சின்ன தட்டை அரம், பெர்மனன்ட் மார்க்கர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் பிரியாத துணி.

எக்சென்ட்ரிக் ஸ்பேனர் மெல்லியதாக இருக்க வேண்டும். தட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஆறு மி.மீ. இடம்தான் இருக்கிறது; வண்டிக்காரர்கள் வைத்திருக்கும் தடித்த ஸ்பேனர் அதற்குள் போகாது. சைக்கிள் கடையில் தட்டையான கோன் ஸ்பேனர் கேளுங்கள். கிட்டோடு தகடு போல ஒன்று வந்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நட்டு இறுக்க பேட்டரி டிரில் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நைலாக் நட்டை வேகமாக ஓட்டினால் சூட்டில் மரை மரையோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முன்னும் போகாது, பின்னும் வராது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

3. சக்கரத்துக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். இது விளங்கிவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்துத் துளை வழியே பாருங்கள். நடுவில் சுற்றிலும் ஒரு மெல்லிய மேடு தெரியும், வளையல் போல. அதன் தடிமன் சுமார் 1 மி.மீ. இரண்டு பேரிங்கும் இரு பக்கத்திலிருந்து உள்ளே வந்து இந்த மேட்டில் முட்டி நிற்கும். மேட்டைத் தொடுவது பேரிங்கின் வெளிவளையம் மட்டுமே. மெக்கானிக்குகள் 'அவுட்டர்' என்பார்களே, அது.

இப்போது உள்வளையங்களைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே 1 மி.மீ. வெற்றிடம். அங்கே ஒன்றும் போடாமல் போல்ட்டைச் செருகி நட்டை இறுக்கினால், நட்டு ஒரு பக்க உள்வளையத்தைத் தள்ளும், ஸ்பேசர் மறுபக்க உள்வளையத்தைத் தாங்கும். வெளிவளையங்களை மேடு பிடித்து நிறுத்தியிருக்க, உள்வளையங்கள் மட்டும் ஒன்றையொன்று நோக்கி இழுபடும். நடுவில் மாட்டிக்கொண்ட உருண்டைகள் பக்கவாட்டில் நசுங்கும். சக்கரம் கரகரவென்று பிடிக்கும். இதற்குத்தான் நான் கால் சுற்று தளர்த்தினேன்.

ஷிம் அந்த வெற்றிடத்தை அடைக்கிறது. பேரிங் 5, ஷிம் 1, பேரிங் 5: மொத்தம் 11 மி.மீ. உள்வளையம், ஷிம், உள்வளையம், ஸ்பேசர், தட்டு எல்லாம் சேர்ந்து ஒரே உலோகத் தூண் போல ஆகிவிடும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சுமை அந்தத் தூணுக்குள்ளேயே முடிந்துவிடும், உருண்டைகளுக்குப் போகாது. போல்ட்டும் அசையாது.

நட்டைத் தளர்த்தி வைத்தால் அந்தத் தூண் தூணாக இருக்காது. உள்வளையங்கள் போல்ட்டின் மேலேயே வழுக்கிச் சுற்றும், போல்ட் தட்டின் துளைக்குள் ஆடும். அந்த ஆட்டம் ஒரு மயிரிழைதான். ஆனால் வெட்டும் பல் நிற்பது சக்கரத்திலிருந்து நாலைந்து அங்குலம் கீழே. அங்கே போய்ச் சேரும்போது அது பெருகிவிடும். திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் ஒரு பக்கம் சாயும், வட்டம் முட்டையாகும்.

4. பேரிங்கைச் சக்கரத்தில் அமுக்குதல்

முதலில் சக்கரத்தின் உள்பக்கத்தைத் துணியால் துடையுங்கள். வார்ப்பில் வந்த பிளாஸ்டிக் துணுக்கு ஒன்று உள்ளே இருந்தாலே பேரிங் சாய்ந்து உட்காரும்.

முதல் பேரிங்கை வாயில் மட்டமாக வைத்து இரு கட்டைவிரலால் வெளிவளையத்தை அமுக்குங்கள். பெரும்பாலும் விரல் பலமே போதும். மேட்டில் முட்டும்போது 'டக்' என்று கைக்குத் தெரியும். விரல் போதாவிட்டால் 15 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஒரு சாக்கெட்டை வெளிவளையத்தின் மேல் நிறுத்தி மேசையில் வைத்து அழுத்துங்கள்.

சுத்தியலால் நடுவில் தட்டுவது பலர் செய்யும் தப்பு. உள்வளையத்தில் விழும் அடி உருண்டைகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகும். ஓடும் பாதையில் உருண்டைகள் குழி பதித்துவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது. சுற்றிப் பார்த்தால் மட்டும் படிப்படியாக நின்று நின்று போகும். அந்தப் பேரிங்கைத் திருத்த முடியாது, மாற்ற வேண்டியதுதான்.

சக்கரத்தைத் திருப்புங்கள். ஓர் எம்5 போல்ட்டை முதல் பேரிங் வழியாகக் கீழிருந்து மேலே செருகி, அதில் ஷிம்மைப் போடுங்கள். போல்ட் இல்லாமல் போட்டால் ஷிம் ஓரமாக நழுவும். இரண்டாவது பேரிங் அதை அப்படியே நசுக்கி உட்கார்ந்துவிடும். பிறகு இரண்டாவது பேரிங்கை அதே போல்ட்டில் இறக்கி, வெளிவளையத்தை அமுக்குங்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம். ஷிம்களில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அதனால் இரண்டு ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒன்று போலவே வரும். ஒருமுறை ஒரு மாணவருடைய சக்கரங்களில் ஒன்று மட்டும் தட்டில் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருந்தது. பேரிங்கை மாற்றினோம், ஸ்பேசரை மாற்றினோம், ஒரு மாலை போயிற்று. கடைசியில் நகத்தால் கீறியபோது ஷிம் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே 2 மி.மீ. இருந்ததால் பேரிங் மேட்டில் உட்காரவே இல்லை. அன்றிலிருந்து நான் ஷிம்களை ஆல்கஹாலில் கழுவி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழுக்கிப் பார்த்துத்தான் போடுகிறேன்.

5. தட்டில் ஏற்றும் முன் தனியாகச் சோதியுங்கள்

ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு போல்ட், ஒரு சாதா ஸ்பேசர், ஒரு சாதா நட்டு (நைலாக் அல்ல, வேகமாகக் கழற்றலாம்) போட்டு நன்றாக இறுக்குங்கள். இப்போது விரலால் சுற்றுங்கள்.

தடையின்றிச் சுற்றி, பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டமும் தெரியவில்லை என்றால் சரி. இறுக்கியதும் பிடித்தால் உள்ளே ஷிம் இல்லை, அல்லது மெல்லிய வாஷர் ஒன்று ஷிம்மின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் ஆடினால் இரண்டு ஷிம், அல்லது பேரிங் முழுதாக இறங்கவில்லை. வெர்னியரில் ஓர் உள்வளையத்திலிருந்து மறு உள்வளையம் வரை அளந்தால் 11 மி.மீ. வர வேண்டும், 12 என்று வந்தால் காரணம் தெரிந்துவிடும்.

நட்டுக்கும் பேரிங்குக்கும் இடையே அகலமான மட்கார்டு வாஷரைப் போட்டுவிடாதீர்கள். அது வெளிவளையத்தையும் சேர்த்து அழுத்தும். சக்கரம் பிரேக் பிடித்தது போல நிற்கும்.

பதினாறையும் சோதிக்கக் கால் மணி நேரம் ஆகும். இயந்திரம் முழுவதும் கூடிய பிறகு இதே தப்பைத் தேட ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

6. ரயிலின் முனையைத் தயார் செய்யுங்கள்

வி-ஸ்லாட் ரயிலை ரம்பத்தில் வெட்டித்தான் அனுப்புகிறார்கள். வெட்டிய முனையில், முக்கியமாக வி பள்ளத்தின் உதட்டில், கத்தி போலப் பிசிர் நிற்கும். தட்டை முனை வழியாகத்தான் ஏற்ற வேண்டும் என்பதால் எல்லாச் சக்கரமும் அந்தப் பிசிரைத் தாண்டித்தான் உள்ளே போகும். சக்கரம் டெல்ரின் என்கிற அசிட்டால் பிளாஸ்டிக். அலுமினியப் பிசிர் அதை எளிதில் சீவிவிடும்.

அரத்தால் உதட்டின் விளிம்பை 45 பாகையில் இரண்டு மூன்று தேய்ப்பு மட்டும் தேயுங்கள். பள்ளத்தின் உள் சரிவில் அரம் படக் கூடாது. அங்கே இருக்கும் அனோடைஸ் பூச்சு அலுமினியத்தைவிடக் கடினமானது. அதைச் சுரண்டினால் அந்த இடம் விரைவில் தேயும். பிறகு பள்ளம் முழுவதையும் ஆல்கஹால் துணியால் துடையுங்கள், துணியில் கறுப்பு வராதவரை.

7. தட்டில் அசையாச் சக்கரங்களைப் பொருத்துதல்

தட்டில் இரண்டு அளவுத் துளைகள் இருக்கும். 5 மி.மீ. துளைகள் சாதா ஸ்பேசருக்கு, 7 மி.மீ.-ஐச் சற்றுத் தாண்டிய துளைகள் எக்சென்ட்ரிக்குக்கு. பெரிய துளையில் சாதா ஸ்பேசரைப் போட்டாலும் போல்ட் நுழைந்துவிடும், பிரச்சினையே அதுதான். துளைக்குள் போல்ட் மிதக்கும். இயந்திரம் ஒரு நாள் ஒழுங்காக ஓடி, அப்புறம் சட்டென்று நகர்ந்துவிடும்.

அசையாச் சக்கரங்கள் சுமை தாங்கும் பக்கம் வர வேண்டும். இடவலமாக ஓடும் எக்ஸ் அச்சு வண்டியில் (சக்கரங்களோடு ரயிலில் ஓடும் பகுதி) ஸ்பிண்டிலின், அதாவது வெட்டும் மோட்டாரின், எடை கீழே இழுக்கும். எனவே மேல் வரிசைச் சக்கரங்கள் சாதா ஸ்பேசரில், கீழ் வரிசை எக்சென்ட்ரிக்கில். எடை எப்போதும் ஒரே நிலையான புள்ளியில் விழும், எக்சென்ட்ரிக் தளர்ந்தாலும் வண்டி இறங்காது. செங்குத்தான இசட் அச்சில் இந்தக் கணக்கு இல்லை. ஸ்பேனர் எந்தப் பக்கம் நுழையுமோ அந்தப் பக்கம் எக்சென்ட்ரிக்கை வையுங்கள்.

போல்ட்டை வெளியிலிருந்து செருகுங்கள். தட்டு, ஸ்பேசர், சக்கரம், நைலாக் நட்டு என்பது வரிசை. நீளத்தைக் கூட்டிப் பாருங்கள்: தட்டு 3, ஸ்பேசர் 6, சக்கரம் 11, நட்டு 5, ஆக 25 மி.மீ. 25 மி.மீ. போல்ட் நட்டின் மேல்மட்டத்தோடு முடிந்துவிடும். நைலான் வளையம் முழுதாகப் பிடிக்க ஓரிரு மரையாவது வெளியே தெரிவது நல்லது, ஆகவே இடமிருந்தால் 30 மி.மீ. போடுங்கள். 6 மி.மீ. தட்டு என்றால் 30 கட்டாயம்.

நட்டை முழுதாக இறுக்குங்கள். பயப்பட வேண்டாம், ஐந்தாம் படியில் சோதித்த சக்கரம்தான். நைலான் வளையத்தின் தடையை 'இறுகிவிட்டது' என்று நினைத்துப் பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம். நைலாக் நட்டு வழி நெடுக இறுக்கமாகவே வரும். ஸ்பேசர் கையால் திருப்பினால் அசையாத நிலைதான் உண்மையான முடிவு.

மரையில் ஒட்டும் திரவம் போட வேண்டாம். நைலாக்குக்கு அது தேவையில்லை. அதோடு, உங்கள் கிட்டில் கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் சக்கரங்கள் வந்திருந்தால், அந்தத் திரவம் பட்ட இடம் விரிசல் விடும். அசிட்டோனும் அப்படித்தான்.

8. எக்சென்ட்ரிக் ஸ்பேசரைப் பொருத்துதல்

எக்சென்ட்ரிக் ஸ்பேசரில் துளை நடுவில் இருக்காது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அதைத் திருப்பினால் போல்ட்டும் சக்கரமும் ரயிலை நோக்கி நெருங்கும், அல்லது விலகும்.

கழற்றி வைத்திருக்கும்போதே ஒரு வேலை. துளை எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ அந்தப் பக்க அறுகோண முகத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். பொருத்திய பிறகு துளை தெரியாது. புள்ளி மட்டுமே வழிகாட்டும். எட்டு ஸ்பேசருக்கும் ஒரே நிமிடத்தில் முடியும்.

ஸ்பேசரின் கழுத்து தட்டின் பெரிய துளைக்குள் முழுதாக இறங்க வேண்டும். பெயின்ட் அடித்த தட்டுகளில் இது தடுக்கும். சாய்வாக நிற்கும் கழுத்தை நட்டால் இழுத்து உட்கார வைக்கப் பார்க்காதீர்கள், துளை ஓரத்துப் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். மறுபக்கம் போல்ட் தலைக்கு அடியில் ஒரு சாதாரண எம்5 வாஷர் போடுங்கள். துளை பெரிது, போல்ட்டோ ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. வாஷர் இல்லாவிட்டால் தலை துளையின் ஓரத்தில் நுனியில்தான் தொற்றிக்கொண்டிருக்கும். நான் இதுவரை வாஷரைத் திட்டியதற்கு இங்கே ஈடுசெய்துவிட்டேன்.

புள்ளி ரயிலுக்கு நேர் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்து, சக்கரத்தில் ஆட்டம் போகும் அளவுக்கு நட்டை இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் ஸ்பேசர் திரும்ப வேண்டும், தானாகத் திரும்பக் கூடாது. கடைசி இறுக்கம் அடுத்த படியில்.

9. ரயிலில் ஏற்றி அழுத்தம் வைத்தல்

பெல்ட், லீட் ஸ்க்ரூ (வண்டியை நகர்த்தும் மரைத்தண்டு), மோட்டார் எதையும் மாட்டுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். பெல்ட் மாட்டிய வண்டியில் கைக்குத் தெரிவது சக்கரத்தின் தடையா மோட்டாரின் தடையா என்று யாராலும் சொல்ல முடியாது.

தட்டை ரயில் முனையிலிருந்து மெதுவாக நுழையுங்கள். நுழையவில்லை என்றால் எக்சென்ட்ரிக் திரும்பியிருக்கிறது; அழுத்தி ஏற்ற வேண்டாம்.

அசையாச் சக்கரங்கள் வி பள்ளத்தில் பதியும்படி தட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு எக்சென்ட்ரிக்கை மெல்லத் திருப்புங்கள். சக்கரம் ரயிலைத் தொட்டதும் நிறுத்துங்கள். பிறகு அடுத்தது. இரண்டையும் மாறி மாறி, கடிகாரத்தின் நிமிட முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவு திருப்பிப் பாருங்கள்.

சோதனை இதுதான். தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மட்டும் விரலால் திருப்புங்கள். கொஞ்சம் எதிர்ப்புக் காட்டி, ரயிலில் வழுக்கியபடி திரும்பினால் சரி. காற்றில் சுற்றுவது போலச் சுற்றினால் அந்தச் சக்கரம் வேலை செய்யவில்லை. எவ்வளவு முயன்றாலும் திரும்பாமல் தட்டையே இழுத்துக்கொண்டு போனால் அழுத்தம் அதிகம். நான்கு சக்கரத்திலும் ஏறத்தாழ ஒரே எதிர்ப்பு தெரிய வேண்டும்.

அடுத்து, தட்டின் எதிர்மூலைகளைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். 'டிக்' என்று ஒலியோ அசைவோ இருந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கம் வேண்டும். ரயிலைக் கையில் தூக்கிச் சாய்த்தால் வெறும் வண்டி தன் எடையில் ஒரே சீராக வழுக்கி வர வேண்டும்.

ரயிலின் முழு நீளத்துக்கும் இதைப் பாருங்கள். அச்சின் வழியே பிதுக்கி எடுத்த அலுமினியம் எல்லா இடத்திலும் ஒரே அகலம் இருக்காது. எங்கே அதிகம் பிடிக்கிறதோ அந்த இடத்தை வைத்து அழுத்தத்தை முடிவு செய்யுங்கள்.

புள்ளி எங்கே நிற்கிறது என்று இப்போது கவனியுங்கள். நேர் எதிர்ப்பக்கத்துக்கும் ரயில் பக்கத்துக்கும் நடுவே எங்காவது நின்றால் நல்லது, இனித் தேய்மானத்துக்கும் இடம் இருக்கிறது. புள்ளி ரயிலை நேராகப் பார்த்த பிறகும் சக்கரம் தளர்வாக இருந்தால், மேலும் திருப்பிப் பயனில்லை, சக்கரம் விலகத்தான் போகும். தவறான துளையில் போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, எக்சென்ட்ரிக்கை ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை முழுதாக இறுக்குங்கள். பிடிக்காமல் இறுக்கினால் நட்டோடு ஸ்பேசரும் திரும்பி, இவ்வளவு நேரம் வைத்த அழுத்தம் போய்விடும். இறுக்கிய பின் விரல் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். நான் இன்றும் ஒரு தட்டுக்கு இரண்டு முறையாவது திரும்பச் செய்கிறேன்.

10. ஓட்டத்தில் தடை தெரிந்தால்

வண்டியைக் கையால் மெதுவாகத் தள்ளி, தடை எங்கெங்கே வருகிறது என்று ரயிலின் பக்கத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள்.

எப்போதும் ரயிலின் அதே இடத்தில் என்றால் கோளாறு ரயிலில்: பிசிர், கீறல், ஒட்டிய துகள். ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டருக்கு ஒருமுறை வந்தால் அது சக்கரத்தின் ஒரு சுற்று. ஒரு சக்கரத்தில் தட்டையான இடம் விழுந்திருக்கிறது, அல்லது ஏதோ பதிந்திருக்கிறது. இடைவெளியே இல்லாமல் நெடுகக் கரகரப்பு என்றால் பேரிங். ஒவ்வொரு எக்சென்ட்ரிக்காகத் தளர்த்திப் பார்த்தால் எந்தச் சக்கரம் என்று பிடிபடும்.

ஒரு முனையில் லேசாகவும் மறு முனையில் கடினமாகவும் ஓடினால் சக்கரத்தைத் தொடாதீர்கள். இரண்டு ரயில்களுக்கு இடையே வண்டி ஓடும் ஒய் அச்சில் இது வரும். ரயில்கள் இணையாக இல்லை. இரு முனையிலும் இடைவெளியை அளந்து சட்டகத்தைச் சரிசெய்யுங்கள். எக்சென்ட்ரிக்கைத் தளர்த்தினால் ஒரு முனையில் சரியாகி மறுமுனையில் ஆட்டம் வந்துவிடும்.

11. முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு

புதுச் சக்கரம் முதலில் கொஞ்சம் தேய்ந்து வி பள்ளத்துக்குப் பழகும். ரயிலில் மெல்லிய கரும்பொடி படிவது இயல்பு. துடைத்துவிட்டு விரல் சோதனையை மறுபடி செய்து, தளர்ந்ததை மட்டும் சற்று இறுக்குங்கள். வாரக்கணக்கில் பொடி நிற்காமல் வந்தால் அழுத்தம் அதிகம், அல்லது சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லை. முதல் படிக்குப் போய் ஸ்பேசர் உயரத்தை அளந்து பாருங்கள்.

ரயிலுக்கு எண்ணெய் விடாதீர்கள். வி-சக்கரம் உலர்ந்தே ஓட வேண்டியது. எண்ணெயில் மரத்தூள் சேர்ந்து பசையாகி, சக்கரம் அதையே மேலும் மேலும் அப்பிக்கொள்ளும். துரு நீக்கும் ஸ்ப்ரேயைப் பேரிங்கில் அடிப்பதும் கூடாது. உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவி வெளியே கொண்டுவந்துவிடும்.

மாதக்கணக்கில் இயந்திரத்தை நிறுத்தி வைப்பதானால் எக்சென்ட்ரிக்குகளைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் சக்கரம் தட்டையாகும். எடுக்கும்போது மறக்காமல் இருக்க, ஸ்பிண்டில் சுவிட்ச் மேல் ஒரு காகிதம் ஒட்டி "சக்கரம் லூஸ்" என்று எழுதி வைக்கிறேன். ஒருமுறை ஒட்டாமல் விட்டதில் ஒரு தேக்குப் பலகை வீணாயிற்று.